மேல் வரிசைப் பீப்பாய்

டோட் ரியாக்கைப் பார்த்தாலே இன்னெஸ் ஷாண்டுக்கு வயிறு எரியும். பால்ஃபெர்ன் ஊரில் இந்த விஷயம் தெரியாத ஆள் ஒருத்தர்தான் இருந்தார். அவர் டோட் ரியாக்.

காரணம் கேட்டால் இன்னெஸ் பெரிய பட்டியலே வைத்திருந்தார். விஸ்கி ஆலையில் டோடைவிட இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவர் இவர். ஆனால் செம்புக் கொப்பரைகளில் சரக்கு வடிக்கிற வேலை காலியானபோது அது டோடுக்குப் போனது. கொப்பரைக்காரனுக்கு ஆலையில் தனி மரியாதை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். இன்னெஸுக்குக் கிடைத்தது கிடங்கு. அரையிருட்டில் பீப்பாய் உருட்டுகிற வேலைக்கு யார் படம் எடுக்க வரப்போகிறார்கள்?

சரி, அதுதான் போகட்டும் என்றால், ஊர்க் காய்கறிக் கண்காட்சியில் பெரிய வெங்காயத்துக்கான கோப்பை பதினொரு தடவை டோடுக்கே போயிருந்தது. இன்னெஸ் எத்தனை விலையுள்ள உரம் வாங்கிக் கொட்டினாலும் இரண்டாம் பரிசுதான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டோட் நேராக இவரிடம்தான் வருவார். இன்னெஸின் வெங்காயத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"என்னோடதைவிட இது அழகா இருக்குடா. அந்த நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

மனதாரச் சொல்வார். கிண்டல் செய்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விடலாம். மனதாரச் சொல்கிறவனை என்ன செய்வது?

ஆலை மூன்று வருஷம் மூடிக் கிடந்துவிட்டு 1991-இல் திறந்தது. புது முதலாளிகளிடம் கட்டடம் இருந்தது, காசு இல்லை. அதனால் ஊர்க்காரர்களிடமே பீப்பாய் விற்றார்கள். தொள்ளாயிரம் பவுண்டு கட்டினால் புதுச் சரக்கு நிரப்பிய ஒரு பீப்பாய் உங்கள் பெயரில் கிடங்கில் கிடக்கும். வயது ஏற ஏற விலையும் ஏறும். வேண்டும்போது பாட்டிலில் அடைத்துக் குடிக்கலாம், விற்கலாம், பேரப்பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். டோட் ஒன்று வாங்கினார். அதைக் கேள்விப்பட்ட அன்று மத்தியானமே இன்னெஸும் ஒன்று வாங்கினார். ஒரே நாள் வடிந்த சரக்கு, ஒரே மாதிரி ஓக் பீப்பாய்கள். 417 டோடுடையது, 418 இன்னெஸுடையது. நம்பரில்கூட அவன்தான் முன்னால் நிற்கிறான் என்று இன்னெஸுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் வடிப்பது டோட் என்றால் அடுக்குவது இன்னெஸ். கல் சுவரும் மண் தரையுமாக அந்தக் கிடங்கு அவருடைய ராஜ்ஜியம். மூன்று வரிசை உயரத்துக்குப் பீப்பாய்கள் இருக்கும். ஓடைப் பக்கத்து மூலையில் கீழ் வரிசை எப்போதும் ஈரமாகக் குளிர்ந்து கிடக்கும். அங்கே வைத்த சரக்கு அதிகம் ஆவியாகாமல் நிதானமாகப் பழுக்கும். 418-ஐ அங்கே உருட்டிக்கொண்டு போனார். எதிர்ப்பக்கம் கொதிகலன் அறையின் சுவர். அந்தச் சுவரோரம் மேல் வரிசையில் வருஷம் முழுக்க வறட்டுச் சூடு. அங்கே வைக்கிற பீப்பாய் சம்பள நாளன்று குடிகாரன் சட்டைப்பை போலக் காலியாகிக்கொண்டே வரும். 417-ஐ அங்கே ஏற்றினார். ஏற்றுவதற்குக் கை கொடுத்தவர்கள், "இங்க எதுக்குப்பா?" என்று கேட்டதற்கு, "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லிவிட்டார். மேலிடத்துக்கு இப்படி ஒரு பீப்பாய் இருப்பதே தெரியாது.

ஒரு விஷயம் இருக்கிறது. சூட்டில் கிடக்கிற பீப்பாயிலிருந்து தண்ணீர்தான் அதிகம் போகும். ஈரத்தில் கிடப்பதிலிருந்து தண்ணீர் போகாது, உள்ளே இருக்கிற காரம், அதாவது சாராயச் சத்து, போகும். வருஷத்துக்கு அரைப் புள்ளி, கால் புள்ளி என்று இறங்கிக்கொண்டே வரும். நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் சட்டப்படி அது விஸ்கியே கிடையாது. எத்தனை வருஷம் கிடந்தாலும் சரி, பெயர் போய்விடும். இது கிடங்கில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், இன்னெஸுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் போட்ட திட்டம் இருபது வருஷத்துக்குத்தான். இருபதாவது வருஷம் டோட் தன்னுடையதைப் பாட்டிலில் அடைப்பார். மறுநாள் இவர் அடைப்பார். ஒரே ஒரு நாளாவது தன் விஸ்கி மூத்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

இருபதாவது வருஷம் வந்தது. டோட் அடைக்கவில்லை.

"என்ன டோட், பீப்பாயை எப்ப எடுக்கப் போற?"

"எங்கடா ஓடிப் போகுது அது? கிடக்கட்டும். நீ எடுத்துட்டியா?"

"எனக்கென்ன அவசரம்?"

"அதானே!"

அந்த 'அதானே'யைச் சுமந்துகொண்டு இன்னெஸ் இன்னும் பதின்மூன்று வருஷம் காத்திருந்தார். இடையில் இரண்டு பேரும் ஓய்வு பெற்றார்கள். பீப்பாய் வாங்கிய மற்ற ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எடுத்துக் குடித்தார்கள், விற்றார்கள், மகள் கல்யாணத்தில் ஊற்றினார்கள். கடைசியில் மிஞ்சியவை 417-உம் 418-உம் மட்டும்.

அப்புறம் லண்டனிலிருந்து பீப்பாய்த் தரகர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

"மிஸ்டர் ஷாண்ட், இன்னிக்குத் தேதிக்குத் தங்கத்தைவிடப் பழைய பீப்பாய்தான் சார் முதலீடு. உங்களோடதுக்கு நாற்பதாயிரம் பவுண்டு தர ஆள் ரெடியா இருக்கு."

"டோட் ரியாக்குக்கு எவ்வளவு சொன்னீங்க?"

"மத்தவங்க விஷயத்தை நாங்க வெளிய சொல்றதில்ல சார்."

"அப்ப நான் விக்கல."

"கொஞ்சம் கேளுங்க சார். காரம் எவ்வளவு இருக்குன்னு ஆலையில அளந்து ஒரு சீட்டு வாங்கி அனுப்பினீங்கன்னா, விலையைக் கூட்டிப் பேசலாம்…"

இன்னெஸ் போனை வைத்துவிட்டார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி ரோடா கரண்டியும் கையுமாக வந்தாள்.

"நாற்பதாயிரமா? ஏன் மனுஷா, மக நியூசிலாந்துல ரெண்டு பிள்ளை பெத்துட்டா. நான் இன்னும் போன்லதான் கொஞ்சிக்கிட்டு இருக்கேன். நம்ம கூரை ஒழுகுது. உனக்கு டோட் முகம் ஒரு தடவை சுருங்கிப் பாக்கணும். அதுக்கு நாற்பதாயிரமா?"

"உனக்குப் புரியாது."

"நல்லாப் புரியுது. அளந்து பாக்கவாவது செய்யேன்."

அதைத்தான் அவர் செய்யமாட்டார். அளந்தால் ஆலைப் பதிவில் ஏறும். பதிவில் ஏறினால் ஊர் வாயில் ஏறும், அங்கிருந்து டோட் காதுக்குப் போகும். கடைசியாக அளந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அப்போது நாற்பத்தேழு இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, சொந்தக்காரன் என்ற உரிமையில் கிடங்குக்குப் போய் ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுப்பார். குப்பியை மூடி வேகமாகக் குலுக்குவார். காரம் இருந்தால் மேலே குமிழ்கள் முத்து முத்தாக நிற்கும். முன்னெல்லாம் பத்து எண்ணும் வரை நின்ற குமிழ்கள் இப்போது கையை நிறுத்துவதற்குள் மறைந்துவிட்டன. வயதானால் சரக்கு சாதுவாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குப்பியைப் பையில் போட்டுக்கொள்வார். திரும்பி வரும் வழியில் கொதிகலன் சுவர்ப் பக்கம் போய், நீளக் கழியால் 417-ஐத் தட்டிப் பார்ப்பார். மேலேயிருந்து காலிக் குடத்தின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், ஒரு வாரத்துக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

போன வருஷம் ஆலைக்கு இருநூறு வயது நிறைந்தது. மேலாளராக இருக்கும் கர்ஸ்டி ஒரு ஏற்பாடு செய்தாள். மிஞ்சியிருக்கிற இரண்டு ஊர்ப் பீப்பாய்களில் ஒன்றை ஆலையே சொந்தச் செலவில் பாட்டிலில் அடைக்கும். பாட்டிலின் மேல் ஆலையின் பெயருக்குக் கீழே சொந்தக்காரரின் பெயரும் வரும். இருநூறு வருஷத்தில் ஒரு தொழிலாளியின் பெயர் பால்ஃபெர்ன் பாட்டிலில் வருவது அதுதான் முதல் தடவை. பழைய தொழிலாளிகள் ஆறு பேர் ருசி பார்த்து எந்தப் பீப்பாய் என்று சொல்வார்கள்.

இன்னெஸ் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். தன் பெயரை அந்தப் பாட்டிலில் பார்த்துவிட்டால் போதும், கொப்பரை, வெங்காயம், நம்பர் எல்லாவற்றுக்கும் வட்டியோடு சரியாகிவிடும். 417-இல் என்ன இருக்கப்போகிறது? அடிமண்டி ரெண்டு வாளி.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில். கிடங்கு வாசலில் ஆறு பேரும் கோட்டும் டையுமாக நின்றிருந்தார்கள். ரோடா வந்திருந்தாள். டோட் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு தானே சுடக் கற்றுக்கொண்டது. அதுவும் நன்றாக இருந்து தொலைத்தது.

"முதல்ல என்னோடதை அளங்க," என்றார் இன்னெஸ்.

கர்ஸ்டி 418-இன் வாயடைப்புக்கு இருபுறமும் மரச்சுத்தியால் தட்டினாள். அடைப்பு எழும்பியது. குழாயை உள்ளே விட்டு எடுத்தபோது கறுத்த தேன் நிறத்தில் வந்தது. பீப்பாய் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. "அடேயப்பா!" என்றார் வாட்டி, ஒரு காலத்தில் பீப்பாய் கட்டியவர். இன்னெஸ் ஓரக்கண்ணால் டோடைப் பார்த்தார். டோட் இன்னெஸைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கர்ஸ்டி சரக்கை நீளக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, காரம் அளக்கிற மிதவையை உள்ளே இறக்கினாள். குனிந்து பார்த்தாள். வெப்பத்தைப் பார்த்தாள். அட்டவணையைப் பார்த்தாள். மிதவையைத் துடைத்து மறுபடி இறக்கினாள்.

"என்ன?" என்றார் இன்னெஸ்.

"இன்னெஸ், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

"என்ன இருந்தாலும் இங்கயே சொல்லு. எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

"முப்பத்தொன்பது புள்ளி நாலு."

வெளியே ஓடை ஓடுகிற சத்தம் கேட்டது.

"மறுபடி அள."

"ரெண்டு தடவை அளந்துட்டேன்."

"மூணாவது தடவை அளந்தா உன் மிதவை தேஞ்சா போயிடும்?"

அளந்தாள். அதே முப்பத்தொன்பது புள்ளி நாலு. "மன்னிச்சுக்கங்க. இதுக்கு விஸ்கின்னு பேர் போட முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவை அளந்திருந்தாக்கூட…" என்று ஆரம்பித்தவள் ரோடாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

டோட்தான் முதலில் வாய் திறந்தார். "அட, இதுக்குப் போயா? என் பீப்பாயிலேருந்து ரெண்டு வாளி எடுத்து இதுல ஊத்துங்க. தன்னால ஏறிடும்."

"அப்படிச் செய்யக்கூடாது டோட். சட்டம் விடாது. ஒரு தடவை இறங்கினா இறங்கினதுதான்."

"என்ன எழவு சட்டம்!" என்றார் டோட். நிஜமாகவே கோபத்தில் அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. இன்னெஸுக்காகக் கோபப்படுகிறார்! அளவு தந்த அடியைவிட அதுதான் இன்னெஸுக்கு அதிகமாக வலித்தது.

அப்புறம் ஏணி போட்டு 417-ஐ அளந்தார்கள். பாதிக்கும் கீழேதான் இருந்தது. காரம் நாற்பத்தாறு புள்ளி ஒன்று.

கிடங்கை ஒட்டிய கூடத்தில் மேஜை போட்டிருந்தது. புகையிட்ட மீன் சூப், ஓட்ஸ் ரொட்டி, வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். ஆறு பேரும் 417-ஐ மூக்கில் வைத்தார்கள், வாயில் வைத்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாட்டி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் இத்தனை வருஷம் கட்டின பீப்பாய் எல்லாம் வீண் போகல," என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்கள். இன்னெஸ் முன்னாலும் ஒரு கோப்பை இருந்தது. அவர் தொடவில்லை.

கர்ஸ்டி பாட்டிலில் ஒட்டப்போகிற காகிதத்தின் மாதிரியை எடுத்து வந்தாள். 'டோட் ரியாக், கொப்பரையாளர்' என்று அதில் பேனாவால் எழுதினாள். "வேற ஏதாவது சேக்கணுமா?" என்று கேட்டாள்.

டோட் எழுந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாத மனிதர். டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னொரு பேரும் போடணும். நான் வடிக்கிறவன். கிடங்கைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? இன்னிக்கு ஏணியில ஏறிப் பாத்தப்பதான் விளங்குச்சு. கொதிகலன் சுவரு, மேல் வரிசை, காஞ்ச இடம். அங்க இருந்ததாலதான் காரம் நின்னிருக்கு. அந்த இடத்தைத் தேடி என் பீப்பாயை வச்சது யாரு? இதோ, இவன். தன்னோடதை ஈர மூலையில தள்ளிட்டு, என்னோடதைத் தூக்கி மேல வச்சிருக்கான். முப்பத்துமூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல. நான் இதை வச்சேன்டா, உனக்காகப் பண்ணேன்டான்னு ஒரு தடவை வாய் திறக்கல. இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்? 'இடம் தேர்ந்தவர் இன்னெஸ் ஷாண்ட்'னு போடும்மா."

கர்ஸ்டி அந்த வரியையும் கீழே எழுதினாள். ஆறு பழைய தொழிலாளிகளும் அவரவர் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். அந்த இடத்துக்கு அந்தப் பீப்பாய் ஏன் போனது என்று அவர்களுக்கு விளங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேர் அன்றைக்கு ஏற்றுவதற்குக் கை கொடுத்தவர்கள். வாட்டி கூரையைப் பார்த்தார். ரோடா புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நியூசிலாந்தும் ஒழுகுகிற கூரையும் இருந்தன.

சும்மா இருந்திருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தலை குனிந்திருந்தால் பெயரும் மரியாதையோடு பாட்டிலில் வந்திருக்கும், ஊரும் பெரிய மனது பண்ணி வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆனால் இன்னெஸால் முடியவில்லை. கொப்பரை அவனுக்கு, வெங்காயக் கோப்பை அவனுக்கு, விஸ்கி அவனுக்கு. இப்போது வாய் திறக்காமல் நல்லது செய்கிற ஒரு சிநேகிதனும் அவனுக்கு. அப்படி ஒருவன் தனக்கு இல்லையே என்று இன்னெஸுக்குப் பொறாமை வந்தது. அந்தச் சிநேகிதன் தான்தான் என்று நினைத்துப் பார்த்தும் பொறாமை போகவில்லை.

"உன்னைக் கெடுக்கத்தான்டா அங்க வச்சேன்," என்றார்.

டோட் சிரித்தார். "பாரு, இப்பவும் ஒத்துக்க மாட்டேங்கிறான்."

"சிரிக்காத. நிஜமாத்தான் சொல்றேன். சூட்டுல வச்சா காஞ்சு போயிடும், நீ ஒரு நாள் திறந்து பாத்துட்டு அழணும்னு வச்சேன். வருஷா வருஷம் கழியால தட்டிப் பாத்து, காலியாகுதுன்னு சந்தோஷப்பட்டேன். கொப்பரை வேலை எனக்கு வரவேண்டியது. அன்னியிலேருந்து உன்னைப் பாத்தாலே எனக்கு ஆகாது. இங்க எல்லாருக்கும் தெரியும். வேணும்னா கேட்டுப் பாரு."

டோட் கேட்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யாரும் நிமிரவில்லை. கடைசியில் ரோடாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் தலையசைத்தாள்.

டோடின் முகம் சுருங்கியது. நாற்பது வருஷமாக இன்னெஸ் பார்க்க ஆசைப்பட்ட முகம் இதுதான். கோபம் இல்லை அதில். தன் வீடு என்று நினைத்துத் தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்ட கிழவனின் முகம். இன்னெஸ் அதைக் கொஞ்ச நேரம்கூட நேராகப் பார்க்க முடியாமல் மேஜை விரிப்பைப் பார்த்தார். ஒரு திருப்தியும் வரவில்லை.

கர்ஸ்டி பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். "டோட்… அந்த வரியை அடிச்சிடட்டுமா?"

டோட் காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் படித்தார்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றார். "வச்சது அவன்தானே. ஏன் வச்சான்னு இதுல எழுதலையே."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலி பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு, கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தானைத் தப்பான துளையில் நுழைத்துக்கொண்டிருந்தார். ரோடா எழுந்து போய்ச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் இன்னெஸ் தன் முன்னாலிருந்த கோப்பையை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. வேறு எதையும் செய்யத் தெரியவில்லை. ஒரு வாய் குடித்தார். கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் கழித்த நாக்கு அது. அதனிடம் பொய் சொல்ல முடியாது. இன்னொரு வாய் குடித்தார். இந்த ஆலையில் இப்படி ஒன்று வடிந்து அவர் பார்த்ததில்லை. 418-இல் இருந்ததும் அதே நாள் இதே கை வடித்ததுதான், அதை ஈரத்தில் போட்டுக் கெடுத்தது அவர். டோட் அன்றைக்குக் கொப்பரை முன்னால் நின்று, எந்த நிமிஷத்தில் சரக்கை எடுக்க வேண்டுமோ அந்த நிமிஷத்தில் எடுத்திருக்கிறான். அந்த வேலை தனக்கு வந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

"டோட்," என்று கூப்பிட்டார்.

வாசற்படியில் டோட் நின்றார். திரும்பவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு. என்னோடதைவிட… என்னோடதை இதோட பேசவே கூடாது. நீ நல்லா வடிச்சிருக்க."

"தெரியும்," என்றார் டோட்.

தன்னைப் பற்றி டோட் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் படியிறங்கி, வெயிலில் சாலையைத் தாண்டி, தன் வீட்டுக்குப் போனார்.